ஒண்ணே ஒண்ணுங்க டீச்சர்...

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படிங்க, இல்லாதவர்கள் ஒரு லைக்கோடு நகர்ந்துடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

போன சனிக்கிழமை என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு மண்டபம். பழைய முகங்களை எல்லாம் பார்த்ததில் மனசு நிறைஞ்சு போச்சு. பேச்சு முடிஞ்சு பந்தியில் உட்கார்ந்தேன். உட்கார்றதுக்கு முன்னாடியே இலையில் லட்டு, ஒப்புட்டு, ஒரு பக்கம் கேசரி. ஒப்புட்டு மேல நெய் ஊத்த ஒரு தம்பி தயாரா நிக்கிறார்.

"நெய் வேண்டாம் கண்ணு" என்றேன். ஊத்திட்டுப் போயிட்டார்.

ஒப்புட்டில் ஒரு விள்ளல் மட்டும் எடுத்துக்கிட்டு, மத்ததை ஒதுக்கி வெச்சுட்டுப் பொரியலை எடுத்தேன். அவ்வளவுதான், ஆரம்பிச்சாச்சு. விழா நாயகி டீச்சரோட வீட்டுக்காரர் வந்தார். "ஏனுங்க டீச்சர், இனிப்பே தொடலையே?" "சக்கரை இருக்குதுங்க சார்." "அட, யாருக்குங்க இல்ல? ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க." அவர் போனதும் அவங்க தங்கச்சி. அப்புறம் மகன். அப்புறம் பழைய ஹெச்.எம். கடைசியா விழா நாயகியே வந்து, என் பக்கத்தில் குனிஞ்சு, "எனக்காக ஒண்ணே ஒண்ணுங்க டீச்சர். இன்னொரு ரிட்டயர்மென்ட் எனக்கு வரவா போகுது?" என்று கேட்டுட்டாங்க.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு தடவை. ஏழாவது தடவையில் லட்டைச் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் அந்த டீச்சர் முகத்தில் ஒரு சந்தோஷம். எனக்கு இலையைப் பார்க்கவே பிடிக்கலை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு விரலைக் குத்திப் பார்த்தால் 268. லட்டு மேல மட்டும் பழி போட மாட்டேன், வெள்ளைச் சோறும் சேர்ந்துதான். ஆனால் அந்த 268-ஐ நான் தனியா ஏத்திக்கலை. ஏழு பேர் சேர்ந்து ஏத்தினது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

எனக்குச் சக்கரை வந்தது 2010-ல், 49 வயசில். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா படிச்சு, 1986-ல் வேலைக்கு வந்து, 2019 மே மாசம் ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை. அதனால் மருத்துவம் சொல்ல வரலை. 33 வருஷம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தவள் என்கிற தகுதியில் பேசறேன்.

ஸ்டாஃப் ரூம் எப்படின்னு உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பொறந்த நாள், கல்யாண நாள், புது வண்டி, மகளுக்கு இன்ஜினியரிங் சீட்டு, மகனுக்கு வேலை, அரியர் பணம், வீட்டுக் கடன் முடிஞ்சது, பேரன் பொறந்தது, திருப்பதி போய் வந்தது. ஒரு வருஷம் சும்மா டைரியில் கோடு போட்டுக் குறிச்சு வெச்சேன். அந்தக் கல்வியாண்டில் எங்க ஸ்டாஃப் ரூமுக்கு இனிப்பு வந்தது 61 தடவை. நாங்க 14 பேர்தான். சனிக்கிழமை குறுவள மையக் கூட்டத்தில் கொடுக்கிற பிஸ்கட்டும் டீயும் இதில் சேர்த்தி இல்லை. ஆயுத பூஜைப் பொரியும் சேர்த்தி இல்லை.

எங்க அப்பாரு வீட்டுக் காலத்தை நினைச்சுப் பார்க்கிறேன். வானம் பார்த்த காடு. சோளம், கம்பு, ராகிதான் தினமும். நெல்லுச் சோறே நோம்பிக்குத்தான். கச்சாயம் சுடறது வருஷத்தில் ஒண்ணு ரெண்டு தடவை, ஒப்புட்டும் அப்படித்தான். அன்னைக்கு ஆத்தா "இன்னும் ஒண்ணு தின்னு கண்ணு" என்று சொன்னதில் அர்த்தம் இருந்தது. அடுத்த ஒப்புட்டு எப்போ வரும்னு அவங்களுக்கே தெரியாது. வந்த விருந்தாளி அரை வயித்தோடு போயிட்டாங்கன்னு ஊர் பேசிரக் கூடாது என்கிற பயமும் இருந்தது. வருஷத்துக்கு நாலு நோம்பி இருந்த காலத்து உபசாரத்தை, வாரத்துக்கு ரெண்டு நோம்பி வருகிற ஸ்டாஃப் ரூமில் அப்படியே நடத்திக்கிட்டு இருக்கோம்.

எண்ணிக்கை வேணும்னா இருக்கு. சென்னையில் இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு பூரா எடுத்த ஆய்வு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சக்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம். அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடியே 60 லட்சம். பந்தியில் எதிரும் புதிருமா உட்கார்ந்திருக்கிறவங்களை எண்ணிப் பாருங்க. பரிமாறுகிறவரையும் சேர்த்து எண்ணுங்க.

இப்ப ஒரு குற்றத்தை ஒத்துக்கணும்.

எங்க பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ் ஐயா இருந்தார். எனக்குப் பதினஞ்சு வயசு மூத்தவர். அவருக்கு நாற்பது வயசிலேயே சக்கரை. எந்த விழாவா இருந்தாலும் ஒரு எவர்சில்வர் டப்பா தூக்கிட்டு வருவார். அதில் ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, ஒரு கீரை. எல்லாரும் இலையில் சாப்பிடுவோம், அவர் ஒரு ஓரமா டப்பாவைத் திறப்பார். நாங்க அவருக்கு "டப்பா சார்" என்று பேர் வெச்சோம். நாங்க என்ன நாங்க, நான்தான் வெச்சேன். சிரிச்சுக்குவார். ஒரு ஆண்டு விழாவில், அவர் டப்பாவை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டு, "இன்னைக்கு இலையிலதான் சாப்பிடணுமுங்க ஐயா" என்று நாலு டீச்சர்கள் சேர்ந்து உட்கார வெச்சோம். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. விளையாட்டு என்று நினைச்சோம். அவர் சாப்பிட்டார்.

2001-ல் நாங்க துடியலூரில் வீடு கட்டிப் புதுமனை புகுவிழா வெச்சோம். பள்ளிக்கூடமே வந்தது, அவர் மட்டும் வரலை. பக்கத்தில் வடமதுரையில் இருக்கிற மனுஷன். எனக்கு அதில் பெரிய வருத்தம். வெளியே காட்டிக்கலை, ஆனால் மனசில் வெச்சுக்கிட்டேன். 2004-ல் அவர் ஓய்வு பெற்றப்போ கூட ரெண்டு வார்த்தையோடு என் பேச்சை முடிச்சுக்கிட்டேன்.

எனக்குச் சக்கரை வந்து ஒரு ஆறு மாசம் கழிச்சு அவர் நினைப்பு வந்தது. அந்த ஆறு மாசத்தில் நானும் டப்பா தூக்க ஆரம்பிச்சிருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். கீரைப் பாத்திக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருந்தார். போன உடனே மன்னிப்புக் கேட்டேன். "எதுக்குங்க டீச்சர்?" என்றார். டப்பா கதையைச் சொன்னேன். சிரிச்சார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டுச் சொன்னார்: "டப்பா கொண்டு வந்த விழாவைத்தான் நீங்க பார்த்தீங்க. அதுக்குப் பயந்துட்டு வராம விட்ட விழா எத்தனைன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. உங்க வீட்டுப் புதுமனைக்கு அன்னைக்குக் காலையில வேட்டி கட்டிட்டேன். அப்புறம் கழட்டிட்டேன். உங்க வீட்டுல வந்து வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலைங்க."

ஒன்பது வருஷமா நான் அவர் மேல வெச்சிருந்த வருத்தம் எனக்கே அசிங்கமா இருந்தது.

"பத்தியம்" என்று நாம சொல்றது வாய்க்கட்டுப்பாடு மட்டுமில்லைங்கிறது எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. வீட்டில் தனியா இருக்கும்போது எனக்கு வாயைக் கட்டத் தெரியும். ஆசை வந்தால் அடக்கத் தெரியும். எனக்கு முடியாதது, எதிரில் நிற்கிறவங்க முகம் வாடுவதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பது. மனுஷங்க அதுக்குப் பயந்துக்கிட்டு ஒண்ணு சாப்பிட்டுடறாங்க, இல்லை வராமலே இருந்துடறாங்க. ரெண்டும் நஷ்டம்தான்.

அரசாங்கமும் இதை யோசிக்காமல் இல்லை. நான் ஓய்வு பெற்ற அடுத்த மாசம், 2019 ஜூனில், மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. அமைச்சகக் கூட்டங்களில் இனிமேல் பிஸ்கட் வேண்டாம், பேரீச்சை, வறுத்த கடலை, பாதாம், வால்நட் மாதிரி கொடுங்க என்று. அப்போ அமைச்சர் ஹர்ஷ் வர்தன், அவரே ஒரு டாக்டர். நான் அதைப் படிச்சுட்டு, 33 வருஷம் கழிச்சு வந்து என்ன பிரயோஜனம் என்று சிரிச்சேன். பாதாமும் வால்நட்டும் எங்க குறுவள மையத்துக்கு எங்கே வரப் போகுது? ஆனால் வறுத்த கடலை வரலாம். நிலக்கடலைக்கு நம்ம ஊரில் என்ன பஞ்சம்?

அப்புறம் 2025 மே மாசம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் எல்லாம் "சர்க்கரைப் பலகை" வைக்கச் சொன்னது. எதில் எவ்வளவு சர்க்கரை இருக்கு என்று பிள்ளைகள் பார்க்கிற மாதிரி. அடுத்த மாசமே சுகாதாரச் செயலாளர் எல்லா அமைச்சகங்களுக்கும் கடிதம் எழுதினார், அலுவலகங்களில் எண்ணெய், சர்க்கரைப் பலகை வைங்க என்று. கேன்டீன், வரவேற்பு இடம், மீட்டிங் ரூம் எல்லாத்திலும். உடனே டி.வி.யில் சமோசாவுக்கும் ஜிலேபிக்கும் சிகரெட் மாதிரி எச்சரிக்கை வரப் போகுது என்று ஒரே களேபரம். அப்படி எதுவும் இல்லை, தெருக்கடைப் பண்டங்களுக்கு இது பொருந்தாது, அலுவலகங்களில் நினைவூட்டத்தான் என்று ஜூலையில் அரசே விளக்கம் கொடுத்தது.

பலகை நல்லதுதான், எனக்கு ஆட்சேபம் இல்லை. நான் ஆயுசு பூரா பலகையில் எழுதிப் பிழைச்சவள். ஆனால் பலகையில் எழுதினது எல்லாம் பிள்ளைகள் மண்டையில் ஏறிடும் என்று எந்த டீச்சரும் நம்ப மாட்டாங்க. மீட்டிங் ரூம் சுவரில் பலகை தொங்கும். அதுக்குக் கீழே நின்னு மேனேஜர், "என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆயிருக்குது, எடுங்க எடுங்க" என்று பெட்டியை நீட்டுவார். பலகையா ஜெயிக்கும்? பெட்டி வெச்சிருக்கிற கைதான் ஜெயிக்கும்.

இங்கிலாந்தில் 2023 ஜனவரியில் இதே சண்டை நடந்தது. அந்த நாட்டு உணவுத் தர அமைப்பின் தலைவர் சூசன் ஜெப் என்கிற பேராசிரியை, யாரும் ஆபீசுக்குக் கேக் கொண்டு வராமல் இருந்தால் நான் சாப்பிட மாட்டேன், கொண்டு வர்றதால சாப்பிடறேன் என்கிற மாதிரி சொன்னாங்க. ஆபீஸ் கேக்கை, அடுத்தவர் விடுகிற சிகரெட் புகையோடு ஒப்பிட்டுப் பேசினாங்க. நாடே கொந்தளிச்சுப் போச்சு. புகையோடு ஒப்பிட்டது ரொம்ப அதிகம் என்றுதான் எனக்கும் படுது. புகையை யாரும் அன்பாக விடறதில்லை. லட்டு அன்பாகத்தான் வருது, சிக்கலே அதுதான். ஆனால் அவங்க ஒத்துக்கிட்டதில் ஒரு நேர்மை இருக்கு. உணவைப் பத்தியே ஆராய்ச்சி செய்கிற பேராசிரியைக்கே, பக்கத்தில் கேக் இருந்தால் கை போகுது. நம்ம மட்டும் மனவலிமையால் ஜெயிச்சிடணும் என்று ஊர் எதிர்பார்க்குது.

இங்கே ஒரு சிக்கலான விஷயத்தைச் சொல்லணும். சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு பொய்யாகிடும்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னாடி, எங்க பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன வயசு டீச்சர் புதுசா வீடு கட்டிப் பால் காய்ச்சினாங்க. அவங்க குடும்பத்தில் முதல் காங்கிரீட் வீடு. மறுநாள் பெரிய டப்பாவில் கேசரி கொண்டு வந்தாங்க. எனக்கு அந்த வாரம்தான் ரிசல்ட் வந்திருந்தது, மோசமான ரிசல்ட். "வேண்டாம் கண்ணு, சக்கரை" என்று கையை நீட்டி மறுத்துட்டேன். அந்தப் பொண்ணு முகம் ஒரு நொடியில் மாறிப் போச்சு. ஒண்ணும் சொல்லலை. டப்பாவை அடுத்த மேசைக்கு எடுத்துட்டுப் போயிட்டா.

எனக்குப் புரிய அரை நாள் ஆச்சு. அவள் பட்டியல் சமூகத்துப் பொண்ணு. நம்ம பக்கத்தில் ஒருத்தர் வீட்டுச் சோத்தை, தண்ணியை வேண்டாம் என்று சொன்னதுக்குத் தலைமுறை தலைமுறையா என்ன அர்த்தம் இருந்தது என்று நமக்கெல்லாம் நல்லாத் தெரியும். அது பழைய கதையும் இல்லை. அதே 2018-ல்தான் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியல் சமூகத்து அம்மா சத்துணவு சமைக்கக் கூடாது என்று எதிர்த்த செய்தி பேப்பரில் வந்தது. அப்படிப்பட்ட மண்ணில் நின்னுக்கிட்டு நான் கையை நீட்டி "வேண்டாம்" என்றால், அந்தப் பொண்ணு காதில் "சக்கரை" என்கிற வார்த்தையா விழுந்திருக்கும்?

மத்தியானம் நானே அவள் மேசைக்குப் போனேன். "கண்ணு, மிச்சம் இருக்குதா? ஒரு ஸ்பூன் குடு" என்றேன். ஒரு ஸ்பூன்தான். அவள் முன்னாடி நின்னு சாப்பிட்டேன். "நெய் வாசம் நல்லா இருக்குது" என்றேன், உண்மையிலேயே நல்லா இருந்தது. அவள் சிரிச்சதில் எனக்கு உசிரே வந்தது. வேற யார் கையை மறுத்தாலும் மறுப்பேன், அந்த ஸ்பூனை மறுக்கிற பத்தியம் எனக்கு வேண்டாம்.

அதனால் "யார் கொடுத்தாலும் தைரியமாக முடியாது என்று சொல்லுங்கள்" என்று யூடியூபில் அறிவுரை சொல்கிறவர்கள் மேல எனக்குக் கோபம் வரும். எல்லா "முடியாது"வும் ஒண்ணு கிடையாது. ஹெச்.எம். கொடுக்கிறதை வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன டீச்சர் மறுக்கிறதும், ஹெச்.எம். மறுக்கிறதும் ஒண்ணா? அதே மாதிரி, கொடுக்கிறவங்க ஒரு தடவை நீட்டறதும் ஏழு தடவை நீட்டறதும் ஒண்ணு இல்லை. ஒரு தடவை நீட்டினால் அது அன்பு, அதை நானும் ஒரு விள்ளல் எடுத்து மதிச்சுடறேன். ரெண்டாவது தடவை கேட்கிறது நம்ம ஊர் வழக்கம், அதையும் பொறுத்துக்கலாம். மூணாவது தடவையும் வேண்டாம் என்று சொன்ன பிறகு நீட்டறது எனக்காக இல்லைங்க, நீட்டறவங்க திருப்திக்காக. அதை மட்டும் நிறுத்துங்க என்றுதான் கேட்கிறேன். மாறவேண்டியது வாங்குகிறவங்க இல்லை, வழங்குகிறவங்க. கரண்டி அவங்க கையில்தானே இருக்கு?

இடையில் இன்னொண்ணு. "நாட்டுச் சக்கரைதானுங்க, ஒண்ணும் பண்ணாது." இதைச் சொல்லாத ஆள் கொங்கு நாட்டில் கிடையாது. கவுந்தப்பாடி நாட்டுச் சக்கரை பழனி பஞ்சாமிர்தத்துக்கே போகிற சரக்கு, ருசியில் அதை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனால் உடம்புக்குள் போனால் அதுவும் சக்கரைதான். கருப்பட்டியும் அப்படித்தான், தேனும் அப்படித்தான். தினைப் பாயசம் என்று பேர் வெச்சால் பாயசம் பாயசம் இல்லாமல் போயிடாது. ஒரு நாளைக்குச் சேர்க்கிற சக்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்றது, நோயே இல்லாதவங்களுக்கு. ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். ரெண்டு ஸ்பூன் போட்டு ரெண்டு காப்பி குடிச்சாலே 16 ஆச்சு. லட்டு இன்னும் வரவே இல்லை.

அதைவிட மோசமான அறிவுரை ஒண்ணு இருக்கு. "மாத்திரை ஒண்ணு சேர்த்திப் போட்டுக்கங்க." தயவு செஞ்சு இதை யாருக்கும் சொல்லாதீங்க, யார் சொன்னாலும் கேட்காதீங்க. காரணம் சொல்றேன்.

சக்கரைக்காரங்களுக்கு என்ன சாப்பிடறோம் என்பது மாதிரியே எப்போ சாப்பிடறோம் என்பதும் முக்கியம். எனக்குக் கொடுத்திருந்த மாத்திரைகளில் ஒண்ணு கிளிமிபிரைட். அந்த வகை மாத்திரையைப் போட்டுக்கிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் சக்கரை ஒரேயடியாக இறங்கிடும். ஒரு பணி நிறைவு விழாவில் அதுதான் நடந்தது. காலையில் மாத்திரை, ரெண்டு இட்லி. பத்தரைக்கு ஆரம்பிச்ச வாழ்த்துரை முடியவே இல்லை. சங்கப் பொறுப்பாளர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓய்வு பெறப் போகிறவர்கள் என்று ஒவ்வொருத்தரா மைக்கைப் பிடிச்சாங்க. ரெண்டேகாலுக்கு எனக்கு உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, கண் மங்கலாச்சு. பக்கத்தில் இருந்த டீச்சர் விவரமானவங்க. சமையல் கட்டுக்கு ஓடிப் போய், தண்ணியில் மூணு ஸ்பூன் சக்கரையைக் கலக்கி வாங்கிட்டு வந்து குடிக்க வெச்சாங்க. கால் மணி நேரத்தில் தெளிஞ்சேன். அன்னைக்கு என்னைக் காப்பாத்தினது சக்கரை. அதனால் சக்கரை மேல எனக்குத் தனிப்பட்ட பகை ஒண்ணும் இல்லை. மைக் மேலதான் கொஞ்சம் இருக்கு.

விழா நடத்துகிறவர்கள் இதைக் கவனிச்சால் புண்ணியமாப் போகும். ஒரு மணிக்குப் பந்தி என்றால் ஒரு மணிக்குப் பந்தி போடுங்க. பேசாமல் விட்டவர் சாப்பிட்ட பிறகு பேசட்டும். கூட்டம் குறைஞ்சாலும் இருக்கிறவங்க நிம்மதியாக் கேட்பாங்க.

என் பையன் கதைக்கு வர்றேன். அவன் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கான். வயசு 34. போன வருஷம் ஒரு பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 வந்தது. இது தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சிவப்பணு நம்ம உடம்பில் சுமார் 120 நாள் வாழும், அதில் எவ்வளவு சக்கரை ஒட்டியிருக்கு என்று பார்த்து, மூணு மாச சராசரியைச் சொல்லும் பரிசோதனை. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5-க்கு மேலே போனால் நோய். இவன் நடுவில் நிற்கிறான். இந்தக் கட்டத்திலேயே சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு பண்ணினால் திரும்பி வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கார். திரும்பி வருவானா, என்னோடு வந்து சேர்ந்துக்குவானா என்பதுதான் இப்போ எங்க வீட்டில் கேள்வி.

வீட்டில் சரியாத்தான் சாப்பிடறான். மருமகள் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறா. ஆபீஸ்தான் பிரச்சினை. டீம் லஞ்ச், பொறந்த நாள் கேக், ப்ராஜெக்ட் முடிஞ்சால் பீட்சா, வெள்ளிக்கிழமை ராத்திரி பஃபே. "சொல்லிட வேண்டியதுதானே கண்ணு, எனக்குச் சக்கரை வர்ற மாதிரி இருக்குதுன்னு?" என்று கேட்டேன். "அது வயசானவங்க நோய்ம்மா, கிண்டல் பண்ணுவாங்க" என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "ஒருத்தன் கேக் வேண்டாம்னு சொன்னான். இப்ப அவனுக்குப் பேரே டயட்."

எனக்குச் சுருக்கென்று இருந்தது. டப்பா சார் ஞாபகம் வந்துட்டார். பேர் வைக்கிற வேலையை நாங்க ஸ்டாஃப் ரூமில் ஆரம்பிச்சோம், அது இன்னைக்கு ஏ.சி. ரூமுக்குள் போய் என் பையனையே பயமுறுத்துது.

2021-ல் தமிழ்நாடு அரசு மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதில் இருந்து எங்க தெருவுக்கே ஒரு பொண்ணு வந்து பிரஷர், சக்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துட்டுப் போறா. அப்புறம் வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கிற திட்டமும் வந்திருக்கு. ஆக, நோயைக் கண்டுபிடிக்க ஆள் வீடு தேடி வர்றாங்க. கண்டுபிடிச்ச பிறகு அதைக் கூட வேலை செய்கிறவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லத்தான் நம்ம பிள்ளைகளுக்கு இடம் இல்லை.

நான் இப்போ எப்படிச் சமாளிக்கிறேன் என்று சிலர் இன்பாக்சில் கேட்டிருந்தீங்க. பெரிய ரகசியம் இல்லை. விழாவுக்குக் கிளம்பும்போது வீட்டில் ஒரு பிடி சுண்டலோ, ஒரு முட்டையோ சாப்பிட்டுத்தான் கிளம்புவேன். காலிப் பசியோடு பந்தியில் உட்கார்ந்தால் எந்த வைராக்கியமும் நிக்காது. இலையில் முதலில் பொரியல், கூட்டு, பருப்பு. சோறு கடைசியில், கொஞ்சமா. 2015-ல் அமெரிக்காவில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 11 பேரை வெச்சு ஒரு சின்ன ஆய்வு செஞ்சாங்க. அதே சாப்பாடு, அதே அளவு, காய்கறியும் புரதமும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டப்போ சக்கரை ஏறுவது நல்லாக் குறைஞ்சது. 11 பேர்தான் என்பதால் வேதவாக்காக எடுத்துக்க வேண்டாம். எனக்கு என் மீட்டரில் தெரியுது, அது போதும். அவரவர் டாக்டரைக் கேட்டுக்கங்க.

டப்பாவும் உண்டு, இப்போ கூச்சம் இல்லை. ஆனால் போன சனிக்கிழமை டப்பா எடுத்துட்டுப் போகலை. விழா நாயகி வருத்தப்படுவாங்க என்று நினைச்சேன். பாருங்க, 15 வருஷம் ஆகியும் அந்தப் பயம் போகலை.

வர்ற மாசம் எங்க பழைய ஆசிரியர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சந்திப்பு வெச்சிருக்கோம். சாப்பாட்டுப் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். சமையல்காரர் நேத்து ஃபோன் பண்ணினார். அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளு ரசம், ரெண்டு பொரியல், சுண்டல், மோர், ஒரு ஃபிளாஸ்க்கில் சக்கரை இல்லாத காப்பி என்று சொல்லிக்கிட்டே வந்தேன். எழுதிக்கிட்டார்.

"சரிங்க டீச்சர். இனிப்பு?"

"ஒப்புட்டு போடுங்க. நல்லா நெய் விட்டுப் போடுங்க."

"இலைக்கு ஒண்ணா, ரெண்டுங்களா?"

"இலையில வைக்காதீங்க. ஒரு தட்டுல அடுக்கி, வாசல் பக்கம் மேசையில வெச்சிருங்க. வேணுங்கறவங்க எழுந்து போய் எடுத்துக்கட்டும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "அப்படி வெச்சா மரியாதைக் குறைச்சலா நினைக்க மாட்டாங்களாங்க?"

"நான் வாசல்லயே நின்னு சொல்லிக்கறேன், நீங்க வைங்க" என்றேன்.

வடமதுரை ஐயாவுக்கும் ஃபோன் பண்ணினேன். அவருக்கு இப்போ எண்பது ஆகப் போகுது, இன்னும் காலையில் நடக்கிறார். தட்டு விஷயத்தைச் சொன்னேன். "வர்றேனுங்க டீச்சர்" என்றார். "டப்பா கொண்டு வரட்டுங்களா?"

"ரெண்டு கரண்டி களி சேர்த்திக் கொண்டு வாங்க ஐயா, எனக்கும் வேணும்" என்று சொல்லியிருக்கேன்.